சொட்டு மருந்திட்ட கண்ணும் ஒரு சம்மதமும்

1. தொலைபேசியில் ஒரு தாய்

"ஏம்மா, எம் மவ கண்ணுல என்னத்தம்மா ஊத்திவிட்டீங்க? கண்ணு முழுசும் கருப்பா கெடக்கு! சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. இப்ப நான் என்ன செய்யுறது?"

பள்ளி விடுமுறை நாளொன்றின் பிற்பகலில் எங்கள் மருத்துவமனைத் தொலைபேசியை எடுத்ததும் என் காதில் விழுந்த முதல் சொற்கள் இவை. நான் புதுக்கோட்டையில் ஒரு சிறிய தனியார் கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணிபுரிகிறேன். கண்ணாடிக்கான பவர் பார்ப்பதும், கண் அழுத்தம் அளப்பதும், டாக்டரம்மா பரிசோதிப்பதற்கு முன் சொட்டு மருந்து விடுவதும் என் வேலை. எங்கள் பதவியின் பெயர் நீளமாக இருப்பதால் வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைச் சிஸ்டர் என்றே அழைப்பார்கள். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காகவே இக்குறிப்பை எழுதுகிறேன். எனக்கு இதில் அனுபவம் மிகுதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் நான் பட்ட கலக்கத்தை நீங்களும் பட வேண்டியதில்லை.

பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. அவர் யாருடைய தாய் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று காலை சங்கீதா என்ற இளம்பெண்ணுக்கு நான் சொட்டு மருந்து விட்டிருந்தேன். கறம்பக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடாத தலைவலி என்று வந்திருந்தார். இள வயதில் கண்ணுக்குள் இருக்கும் தசை, மறைந்திருக்கும் பிளஸ் பவரைத் தன் உழைப்பால் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். அதற்காக நாங்கள் விடும் மருந்தைச் சுருக்கமாகச் சைக்ளோ என்போம். அது தசையைத் தளர்த்துவதோடு நிற்காது. கருவிழியின் நடுவில் இருக்கும் கண்மணியையும் அகல விரித்துவிடும். அந்த விரிவு அடங்க ஒரு முழு நாள்கூட ஆகலாம்.

மருந்து விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எங்களுக்கு உண்டு. அலர்ஜி உண்டா, சுகர் உண்டா, பிபி உண்டா, வண்டி ஓட்டிக்கொண்டு வந்தீர்களா? அத்தனையையும் முறைப்படி கேட்டேன்.

"பஸ்லதான் வந்தேன் சிஸ்டர்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "சாயங்காலத்துக்குள்ள சரியாயிருமா?" என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமா சரியாயிரும். கவலப்படாதீங்க" என்றேன்.

கல்லூரிக் காலம் முதல் நான் மேடைப் பேச்சாளர். எங்கள் மாவட்டத்துத் திருவிழாப் பட்டிமன்றங்களில் எனக்கென ஓர் இருக்கை உண்டு. மேடை எங்களுக்குக் கற்றுத் தரும் கலைகளுள் ஒன்று, திட்டமான விடையில்லாத கேள்வியையும் திட்டமான குரலில் கடந்துவிடுவது. சாயங்காலம் என்று அவர் ஏன் கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

"அம்மா, பயப்படாதீங்க. அது மருந்தோட வேலைதான். நாளைக்குத் தன்னால சரியாயிரும்" என்றேன் தொலைபேசியில்.

"நாளைக்கா? மாப்பிள்ளை இன்னைக்கில்ல வாராரு!"

"வெளிச்சம் ரொம்பக் கூசுச்சுன்னா கூலிங் கிளாஸ் போட்டுக்கிடலாம்."

"நல்லாருக்கு தாயி! பட்டுச்சேலை கட்டி, தலை நெறையாப் பூ வச்சு, கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு காபித் தட்டத் தூக்கிட்டு வரச் சொல்றியா? எங்க வீட்டுல சினிமா சூட்டிங்கா நடக்குது?"

"அப்ப அவங்க வழக்கமாப் போடுற கண்ணாடியாச்சும்..."

"அதையே கழட்டி வைக்கச் சொல்லிருக்கேன். சோடாப்புட்டின்னு யாராச்சும் சொல்லிட்டா? இப்ப கண்ணே போச்சு!"

அவரை இணைப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். மருந்தின் வேலையை உடனே மாற்றும் வழி உண்டா என்று கேட்டேன். "நல்லா இருக்குற கண்ணுக்கு எதுக்கும்மா மாத்து மருந்து? தலவலிதான் கூடும். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமாச் சொல்லு" என்றார். நான் திரும்பி வந்தபோது அந்தத் தாய் இணைப்பைத் துண்டித்திருந்தார்.

அன்று மாலை முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. மருந்து விட்ட கண்ணுக்கு அருகில் உள்ளது எதுவும் தெளியாது. பிளஸ் பவர் உள்ளவர் கண்ணாடியையும் கழற்றிவிட்டால் எதிரே அமர்ந்திருப்பவரின் முகம்கூடப் புகைமூட்டமாகத்தான் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கோ அந்தக் கண் நோயுற்றதாகத் தோன்றலாம். பெண்ணுக்குக் கண்ணில் கோளாறு என்ற ஒரு சொல் கறம்பக்குடிக் கடைவீதியில் விழுந்தால் அதைத் திரும்ப அள்ள முடியுமா? ஒரு பெண்ணின் வாழ்வில் நான் என் கையால் இரண்டு சொட்டு விழவைத்துவிட்டேன் என்றே நினைத்து நினைத்து மருகினேன். நான் அஞ்சியது நடக்கவில்லை. நடந்தது வேறு.

2. மேடையில் சொன்னது அறைக்குள் வந்தது

அடுத்த வாரத் தொடக்கத்தில் செந்தில் என்ற இளைஞர் கண் தகுதிச் சான்றிதழ் வேண்டி வந்தார். கத்தாரில் கிரேன் ஓட்டுபவர். விடுமுறை முடிந்து திரும்பும்போது அவருடைய நிறுவனம் அந்தச் சான்றைக் கேட்குமாம். நாற்காலியில் அமர்த்தி, வில்லைகளை மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், நீங்கதான எங்க ஊர்த் திருவிழாவுல பட்டிமன்றம் பேசுனது? கீரனூர்ப் பக்கம்!"

என் முதுகு தானாக நிமிர்ந்தது. அன்பை முதலில் அறிவிப்பது கண்ணா, சொல்லா என்பது அன்றைய தலைப்பு. கண் அணிக்கு நான் பேசினேன். "நடுவர் அவர்களே! நாவுக்கு நடிக்கத் தெரியும். கண்மணிக்கு நடிக்கத் தெரியாது. விருப்பமானவரைக் கண்டால் அது விரியும். வேண்டாம் என்று ஆணையிட்டாலும் விரியும். நாள்தோறும் நூறு கண்களுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பவள் சொல்கிறேன்!" என்று முழங்கினேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

"அந்தப் பேச்ச அப்படியே மனப்பாடமா வச்சிருக்கேன் மேடம்."

"நன்றிங்க. இடது கண்ண மறைச்சிட்டு வாசிங்க."

"ஈ... எஃப், பீ... ஒங்க பேச்ச நம்பித்தான் மேடம் போன வாரம் பொண்ணு பாக்கப் போனேன். டீ, ஓ, இஸட்..."

"பேசாம வாசிங்க."

"சரிங்க. எல், பீ... போன வருசம் ஒரு எடத்துல பேசி முடிச்சாங்க மேடம். அந்தப் பொண்ணும் எல்லார் முன்னாடியும் சரின்னுதான் சொல்லுச்சு. பத்திரிகை அடிக்கப் போற நேரத்துல, வீட்டுல மெரட்டுனதால சொன்னேன், புடிக்கலன்னு போன்ல அழுவுது. எனக்கு ஆறு மாசம் சோறு எறங்கல. அதான் இந்தவாட்டி வாயால சொல்றத நம்புறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். கண்ண மட்டும்தான் பாக்குறதுன்னு போனேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்! கறம்பக்குடிப் பொண்ணு. கணக்கு டீச்சர்."

வில்லையை மாற்றப் போன என் கை அவர் நெற்றிக்கு முன்பாக அந்தரத்தில் நின்றது.

"காபி குடுக்க வந்தப்ப நிமிந்து ஒரு பார்வ பாத்தாங்க. கண்ணு பாப்பா ரெண்டும் இம்புட்டுப் பெருசா விரிஞ்சு கெடக்கு. கண்ணே கருப்பாத் தெரியுது. எவ்ளோ அழகு தெரியுங்களா! நம்மளப் பாத்து யாருக்கு மேடம் அப்படி ஆகும்? ஒடனே வெக்கத்துல கண்ணச் சுருக்கிக் குனிஞ்சுக்கிட்டாங்க."

அது வெட்கமன்று. விரிந்த கண்மணிக்கு வெளிச்சம் கூசியிருக்கிறது. "தனியாப் பேசலியா நீங்க?" என்றேன்.

"மாடியில அஞ்சு நிமிசம் பேச விட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா வாய்தான மேடம் பதில் சொல்லும்? கண்ணு ஏற்கெனவே சொல்லிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம்."

உண்மை என் நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு நோயாளிக்கு என்ன மருந்து விட்டோம் என்பதை இன்னொருவரிடம் சொல்லலாகாது. இது எங்கள் தொழிலின் முதல் ஒழுக்கம். சொல்லாமல் சொல்ல முயன்றேன்.

"மேடையில நான் சொன்னது பாதிதாங்க. புடிச்சதப் பாத்தா பாப்பா விரியும், அது உண்ம. ஆனா இருட்டுலயும் விரியும். பயந்தா விரியும். மனசுக்குள்ள பெரிய பெருக்கல் கணக்குப் போட்டாக்கூட விரியும். விரிஞ்சிருக்கறத வச்சு ஏன் விரிஞ்சிச்சுன்னு சொல்ல முடியாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னையப் பாத்து அந்தப் புள்ள பதினாறாம் வாய்ப்பாடா சொல்லிப் பாத்திருக்கும்? மைக்கப் புடிச்சா ஒண்ணு, ரூமுக்குள்ள ஒண்ணுன்னு பேசாதீங்க மேடம். ஒங்கள நம்பி முடிவு எடுத்திருக்கேன்."

கைதட்டல்களை நான் நினைவில் வைத்துக்கொள்வேன். அந்தக் கடைசி வாக்கியம் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

அவர் போனதும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு விசயத்த அவருகிட்டச் சொல்லக்கூடாது. அவரு இங்க உக்காந்து சொன்னத அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லக்கூடாது. ரெண்டு பேருமே நம்ம பேசண்ட்" என்றார்.

"அப்ப நான் சும்மா இருக்கணுமா டாக்டர்?"

"அந்தப் பொண்ணுக்கு அவ கண்ணப் பத்திச் சொல்லலாம். அது ஒன் வேலை. அன்னைக்கே சரியாச் சொல்லியிருக்கணும். பிஎம்டிக்கு வருவால்ல?"

சைக்ளோ விட்ட கண்ணுக்கு அன்றே கண்ணாடி எழுதித் தருவதில்லை. மருந்து முற்றும் அடங்கிய பின் மறுபடி வரச்சொல்லிச் சோதித்தே எழுதுவோம். அந்த மறு சோதனைதான் பிஎம்டி. சங்கீதா வர வேண்டிய நாள், பூ வைப்பதற்கு இரண்டு நாள் முன்பாக இருந்தது.

3. கணக்கு ஆசிரியையின் கேள்வி

அவர் வருவாரா மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலி போய்விட்டால் பலரும் மறு சோதனைக்கு வருவதில்லை. மதியத்துக்கு மேல் வந்தார். டார்ச் ஒளியில் பார்த்தேன். கண்மணிகள் மிளகளவுக்குச் சுருங்கி, ஒளிக்கு ஒழுங்காகப் பணிந்தன. பவர் பார்த்து முடித்தேன். புதிய வில்லைகளை மாட்டியதும் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடையில்லாமல் வாசித்தார்.

"அன்னைக்கு உங்களுக்கு ரொம்பச் சிரமமாப் போச்சுங்களா?" என்று தொடங்கினேன்.

"ஏன் கேக்குறீங்க சிஸ்டர்! எங்கம்மா ஒங்கள வைஞ்ச வசவுல நீங்க பொரையேறிச் செத்திருக்கணும். ஆனா ஒண்ணும் ஆகல. மாப்பிள்ளை வீட்டுல சம்மதம்னுட்டாங்க."

"உங்களுக்கு?"

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். "அவரு மொகமே எனக்குத் தெரியல சிஸ்டர். நீலச் சட்டை போட்டிருந்தாரு. அம்புட்டுதான். போட்டோவப் பாக்கலாம்னு செல்ல எடுத்தா அதுவும் கலங்கலாத் தெரியுது. மாடியில வேற பேசவிட்டாங்க. அவரும் பேசல, நானும் பேசல. எந்தப் பக்கம் பாத்துச் சிரிக்கறதுன்னே தெரியாம நின்னேன். புடிச்சிருக்கான்னு அம்மா கேட்டாங்க. கண்ணு தெரியலன்னு சொன்னா வீட்டுல அவ்ளோ பேர் இருக்காங்க, யாரு காதுலயாச்சும் விழுந்துருமேன்னு தலையாட்டிட்டேன்."

"இப்ப?"

"இப்ப என்னன்னே தெரியல. நல்லவருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஒண்ணுதான் புரியல. பொண்ணுக்கு என்னைய ரொம்பப் புடிச்சிருக்கு, எனக்கு நல்லாத் தெரியும்னு அவரு அவங்க அத்தைகிட்டச் சொல்லியிருக்காரு. நான் ஒரு வார்த்த பேசல. எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்?"

வாய்ப்பூட்டுக்குள் ஒரு சிறு வழி திறந்தது. அவர் கண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். நான் விட்ட மருந்து கண்மணியை விரித்தது. விரிந்த கண்மணியைக் காண்கிறவர்களுக்கு அந்த முகம் தம்மை விரும்புவது போலத் தோன்றும். அதனாலேயே அம்முகம் கூடுதல் அழகாகவும் தோன்றும். விரும்பும்போதும் அது விரிவது உண்மையாகையால் பார்த்தவர் ஏமாறுவது இயல்பு. இத்தனையும் சொல்லி முடித்தபோது என் குரலில் மேடையின் சாயல் சிறிதும் இல்லை.

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டுவதை நிறுத்தினார். பிறகு, வகுப்பில் தவறான விடையைக் கண்டுபிடித்த ஆசிரியையின் குரலில் கேட்டார்: "அப்ப அவரு சம்மதம் சொன்னது எனக்கா, ஒங்க மருந்துக்கா?"

நான் சோதனைச் சட்டத்தைத் துடைத்து வைத்தேன்.

"இத அவருகிட்டச் சொன்னா என்ன ஆகும் சிஸ்டர்? வேணாம்னு போயிட்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே வேணாம்னுட்டாங்கன்னுதான ஊரு பேசும்? எங்கம்மா படுத்துரும். சொல்லாமவே இருந்துட்டா?"

"அது உங்க முடிவு. நான் சொல்ல முடியாதுங்க."

"பட்டிமன்றத்துல எல்லாத்துக்கும் சொல்வீங்களாமே! எங்க ஸ்கூல்ல ஒங்க பேச்ச செல்லுல வச்சுக் கேப்பாங்க."

"அங்க தோத்தா எனக்கு ஒரு பொன்னாடை கொறையும். இங்க அப்படியில்லைங்க."

அவர் மெல்லச் சிரித்தார். எழுந்து நின்று, "கண்ணாடி எப்பக் கெடைக்கும்?" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம்."

"அப்ப நாளைக்கு வாரேன். அவரையும் இங்கிட்டு வரச் சொல்றேன். வீட்டுல பேசுனா பத்துப் பேரு காது வச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரியில யாரு கவனிக்கப் போறா?"

4. காத்திருப்போர் நாற்காலிகள்

மறுநாள் நான் சோதித்த எவருடைய பவரையும் இரண்டு முறை சரிபார்த்தேன். என் மனம் என் கையில் இல்லை. செந்தில் ஆத்திரப்பட்டால்? அந்தப் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் ஏதேனும் சொல்லிவிட்டால்? அவருடைய சான்றிதழும் எங்கள் மேசையில்தான் இருந்தது. அதை வாங்கவாவது வந்தே தீர்வார்.

சங்கீதா முதலில் வந்தார். பட்டு இல்லை, பூ இல்லை. பள்ளிக்குக் கட்டும் பருத்திச் சேலை. புதுக் கண்ணாடியை அணிந்துகொண்டு, மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலோர நாற்காலியைத் தேடி அமர்ந்தார். வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தார் என்பது எனக்குப் புரிந்தது. செந்தில் வந்தார். அதே நீலச் சட்டைதானா என்று எனக்குத் தெரியாது, நீலமாக இருந்தது. அவரைக் கண்டதும் நான் மருந்துக் குப்பிகளை அடுக்கத் தொடங்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

"கண்ணாடி போடுவீங்களா?" என்றார் அவர்.

"சின்ன வயசுலேருந்து. அன்னைக்குக் கழட்டி வச்சிருந்தேன். ஒங்க மொகத்த நேர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"என்னங்க சொல்றீங்க?"

சொன்னார். காலையில் பஸ் ஏறியது முதல் காபித் தட்டை யார் முன் நீட்டுகிறோம் என்று தெரியாமல் முதலில் செந்திலின் மாமாவிடம் நீட்டியது வரை, ஒரு கணக்கின் படிகளைப் போல ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னார். செந்திலின் முகம் சிறுத்துக்கொண்டே போனது. ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் நான் குனிந்துகொண்டேன்.

"வெயில்ல ஒங்க கண்ணு சின்னதாத்தான் இருக்கு" என்றார் அவர், ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்பது போல.

"இப்படித்தான் இருக்கும். இதையும் பாத்துக்கங்கன்னுதான் வெயில்ல உக்காந்தேன். ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒங்களுக்கு என்னையப் புடிச்சிருக்கா? இல்ல, ஒங்களப் புடிச்சிருந்த மாதிரி தெரிஞ்ச அந்தக் கண்ணப் புடிச்சிருக்கா?"

டோக்கன் எண்ணை அழைக்கும் ஒலி இரண்டு முறை வந்து போனது. செந்தில் தலையைச் சொறிந்தார்.

"தெரியலீங்க. பொய் சொல்ல வரல."

"எனக்கும் தெரியல" என்றார் சங்கீதா. அவர் தோள் இறங்கியதை நான் கண்டேன். ஒரு வாரமாகத் தூக்கி வைத்திருந்த தோள் அது. "தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். எங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு."

செந்தில் சிரித்துவிட்டார். போன வருடம் அழுத அந்தப் பெண்ணைப் பற்றிச் சங்கீதாவிடம் சொல்லத் தொடங்கினார். இவர் கேட்டார். பிறகு கிரேனின் உயரம் எவ்வளவு என்றார் சங்கீதா. அவர் கையை உயர்த்திக் காட்டினார். வெயில் இறங்கி விளக்குப் போடும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தி மங்கலில் அவர்களுடைய கண்மணிகள் விரிந்தனவா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

வெள்ளிக்கிழமை பூ வைக்கவில்லை. அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று செந்திலே தம் வீட்டில் சொல்லிவிட்டார் என்றும், தம் தாய் எங்களை இன்னும் வைது ஓயவில்லை என்றும் பிறகு சங்கீதா சொன்னார். செந்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டார். கதவருகே நின்று, "அடுத்த தடவ மைக்குல மீதிப் பாதியையும் சொல்லுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிப் போனார். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கைதட்டல் முன்னைவிடக் குறைவு.

எங்கள் மருத்துவமனையில் சொட்டு மருந்துக்கு முன் இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறோம்: இன்றைக்கு வீட்டில் விசேஷம் உண்டா, முக்கியமாக யாரையேனும் பார்க்கப் போகிறீர்களா? சிலர் விழிப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர்கள் கேட்டால் உண்மையான கால அளவைச் சொல்லுங்கள். ஒரு கண்ணை வைத்து அதன் மனத்தை மட்டும் சொல்லாதீர்கள். கண்மணி விரிந்தது என்பதுதான் நமக்குத் தெரியும். எதற்காக என்பதை அந்தக் கண்ணுக்குரியவரிடமே கேட்க வேண்டும்.

பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றி, இருவரின் இசைவோடும் இதை எழுதுகிறேன். அந்த இசைவு கிடைத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சங்கீதா பரிசோதனைக்கு வந்தார். மறுபடி சைக்ளோ விட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. குப்பியைத் திறந்து, அலர்ஜி, சுகர், பிபி, வண்டி எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னைக்கு முக்கியமா யாரையும் பாக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஆமா. அவரு லீவுல வாராரு. திருச்சி ஏர்போர்ட்டுலேருந்து நேரா இங்கிட்டுத்தான்."

என் கை பின்வாங்கியது. "அப்ப நாளைக்கு வச்சுக்குவமா?"

"எதுக்கு?" என்று கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார். "சும்மா ஊத்துங்க சிஸ்டர். அவரு இப்பல்லாம் வாயத் தெறந்து கேட்டுக்குவாரு."